இருபத்துமூன்று ஓட்டைகளும் ஒரு முட்டைக்கோஸ் புழுவும்

இருபத்தொன்பது வருடம் பாரிஸ் ஏலக்கூடத்தில் கூவிப் பிழைத்தவன் நான். மேடைமேல் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பவர் வேறு; அவருக்குச் சட்டம் தெரியும். கீழே நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, மூக்கைத் தொடுகிற பெரிய மனிதர்களில் யார் விலை கேட்கிறார், யாருக்கு நிஜமாகவே அரிக்கிறது என்று பிரித்தறிந்து, விலையைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்கிறவன் வேறு. அவனுக்குத் தொண்டை போதும். என் தொண்டை அப்படிப்பட்டது. நான் "ஆயிரத்து இருநூறு!" என்றால் எதிர்ச்சாரி காப்பிக்கடையில் யாராவது பயந்துபோய்ப் பணத்தை எடுத்து வைத்துவிடுவார்.

ஓய்வு பெற்றபோது ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். முந்தின வாரம் யாரும் கேட்காமல் திரும்பிய கடிகாரம்தான் அது, எனக்கு அடையாளம் தெரியாதா! போகட்டும். பிரச்சினை கடிகாரம் இல்லை. எனக்கு ரகசியம் பேச வராது. தொண்டை அந்த அளவுக்குக் கீழே இறங்கவே இறங்காது. எங்கள் பேட்டைப் பாதிரியார், "முசியே பிஷோனா, இனிமேல் உங்கள் பாவங்களைத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை பாவமன்னிப்புக்கு நான் போகிற நேரம் பார்த்துக் கோயிலில் இடம் பிடிக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்களாம்.

இப்படிப்பட்டவனிடம் போய் ஒரு ரகசியத்தைச் சொன்னாள் என் மச்சினி ஓதில். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

ஓதில் மார்ஷெசு என் மனைவி சிமோனின் தங்கை. ஆஞ்சே நகரத்துக்குப் பக்கத்தில் புவாஸ்ரோ என்ற சின்ன ஊரில் நகராட்சி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களை அவள் பார்க்கிற பார்வையில் எச்சில் வற்றிவிடும். ஒரு மேயர் அப்படித்தான் பேச்சு வராமல் தேர்தலில் தோற்றார். அந்த ஓதில் போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தொப்பியும் குடையும் சூப்பு பிளாஸ்க்குமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், நாளான்னைக்கு ஏலம். இன்னிக்குப் பார்வைக்கு வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாத சந்து பொந்து அங்க கிடையாது. கூட வாங்க. ஆனா வாயைத் திறக்கப்படாது."

"நான் எப்ப வாயைத் திறந்தேன்?" என்றேன். மேல்மாடியில் நாய் குரைத்தது.

அவள் தேடி வந்த பொருள் இது. இருநூறு வருடத்துக்கு முன் புவாஸ்ரோவில் ஒரு விதை வியாபாரி இருந்தார். பணம் நிறைய, ஆசை அதைவிட நிறைய. பெரிய இடத்து ராணிகள் ரோஜாவுக்குப் படப்புத்தகம் போடுகிறார்களா? நான் என் காய்கறிக்குப் போடுகிறேன் என்று பாரிஸிலிருந்து ஓவியனையும் செதுக்குகிறவனையும் வரவழைத்தார். அந்தக் காலத்து வழக்கப்படி வேலை. செப்புத் தகட்டில் கோடு கிழிக்காமல் புள்ளி புள்ளியாகக் குத்தி, அந்த ஒரே தகட்டில் பச்சை, ஊதா, மஞ்சள் என்று ஒவ்வொரு மையையும் சின்னத் துணிப்பொட்டலத்தால் அதனதன் இடத்தில் தடவி, ஒரே அழுத்தில் எடுக்க வேண்டும். ஒரு படம் எடுத்ததும் தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு முட்டைக்கோஸை அச்சிடுகிற நேரத்தில் ஒரு வயல் முட்டைக்கோஸ் அறுவடையாகிவிடும். இரண்டு பாகமாக அறுபது பிரதி போட்டார்கள். அதற்குள் வியாபாரி திவால். கடன்காரர்கள் அள்ளிக்கொண்டுபோன பிரதிகள் பொட்டலம் கட்டவே போயின.

மிச்சமிருந்த அவருடைய சொந்தப் பிரதியை அவருடைய இரண்டு மகள்கள் பங்கு பிரித்தார்கள். எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள், மூடி ஒருத்திக்கும் சூப்புச்சட்டி ஒருத்திக்குமாக. முதல் பாகம் மூத்தவளுக்கு. அவள் ஊரிலேயே இருந்து நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் பாகம் இளையவளுக்கு. அவள் போர்தோவில் வாழ்க்கைப்பட்டுப் புத்தகத்தோடு போனாள். அதற்குப் பிறகு அதை ஊரார் கண்ணால் பார்க்கவில்லை.

பார்க்காததில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? முதல் பாகத்தின் கடைசிப் படத்தில் ஒரு முட்டைக்கோஸ் இலை. இலையின் அடிப்பக்கம் லேசாக மடங்கியிருக்கும். அந்த மடிப்பில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும், மஞ்சள் முட்டைகள், பன்னிரண்டு. வெள்ளைப் பட்டாம்பூச்சி இட்டது. அதோடு பாகம் முடிந்துவிடும். புவாஸ்ரோவில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் பள்ளிக்கூடத்திலிருந்து நூலகத்துக்கு அழைத்துவந்து அந்த முட்டையைக் காட்டுவார்கள். ஒவ்வொரு குழந்தையும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும். முப்பத்தோரு வருடமாக ஓதில், "தெரியாது, போர்தோவுக்குப் போயிடுச்சு" என்று பதில் சொல்லிவந்தாள். அடுத்த ஜூனில் அவளுக்கும் ஓய்வு. அதே பதிலைச் சொல்லிக்கொண்டு ஓய்வு பெற அவளுக்கு மனமில்லை. நகராட்சி கொஞ்சம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே முட்டைக்கோஸ் சூப்பு காய்ச்சி விற்றது. கமிஷன் வரி எல்லாம் போக, சுத்தியல் விழும்போது விலை மூவாயிரம் யூரோ என்றால் அதற்குமேல் அவளால் ஒரு சல்லி போக முடியாது.

பார்வைக் கூடத்தில் ஆறாம் எண் அறைக்குப் போனோம். பதப்படுத்திய முதலை ஒன்று, நான்கு கட்டில், ஒரு பிஷப்பின் நாற்காலி, இவற்றுக்கு நடுவே கண்ணாடி மேசையில் அந்தப் புத்தகம். விற்பனைப் பட்டியலைத் திறந்து ஓதில் எனக்குக் காட்டினாள்: "வண்ண அச்சுப் படத்தாள்கள் நாற்பது. நிறம் புத்தம் புதிது. வருந்தத்தக்க வகையில் மூன்று முதல் எட்டு வரையான தாள்களில் கடுமையான புழு அரிப்பு, இருபத்துமூன்று துளைகள்." எதிர்பார்க்கும் விலை ஆயிரம்.

எழுதியவர் நிபுணர் த பிரிசோனே. முப்பத்தேழு வருட நிபுணர். எழுதியதை ஒருமுறைகூடத் திருத்தியதில்லை என்பது அவர் பெருமை. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று கண்ணாடி போட மாட்டார். ஒருமுறை என்னைப் பதினைந்தாம் லூயி காலத்து அலமாரி என்று நினைத்து, கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திறக்கப் பார்த்தார். நான் "முசியே!" என்றதும், "கீல் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓதில் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் படத்தைத் திறந்தாள். நீலம் பாரித்த பச்சையில் ஒரு முட்டைக்கோஸ். இப்போதுதான் மழை நின்ற மாதிரி. இலையில் கருப்பாக மூன்று ஓட்டை. அடுத்த படம் சிவப்பு முட்டைக்கோஸ். அதே இடத்தில் நான்கு ஓட்டை, சற்றுப் பெரியவை. அடுத்தது காலிஃபிளவர், அதே இடம். எந்தப் புத்தகப்புழுவும் இப்படித்தான் தாள் தாளாகத் துளைத்துக்கொண்டு போகும். எனக்குத் தெரிந்தவரை அது புழுதான்.

"ஐயோ பாவம், ஓதில்" என்றேன்.

அவள் சிரித்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் பல்லை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தாள்.

"ஓட்டையோட ஓரத்தைப் பாருங்க அத்தான். என்ன தெரியுது?"

"பழுப்பா... புள்ளி புள்ளியா."

"எந்த ஊர்ப் புழு புள்ளி வச்சுக் கடிக்கும்? இப்ப படத்துக்கு மேல மூடியிருக்கிற மெல்லிசுத் தாளைப் பாருங்க. அதுல ஓட்டை இருக்கா?"

இல்லை. சின்னக் கீறல்கூட இல்லை.

"இந்தத் தாளைத் தின்னுட்டு, நடுவுல இதை மட்டும் தாண்டிக் குதிச்சு, அடுத்த தாளைத் தின்னுச்சாக்கும் உங்க பிரிசோனே புழு? அது சர்க்கஸ்ல இருந்து வந்ததா?" அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "நம்ம முட்டை பொரிஞ்சு வந்த புழு அத்தான் இது! முட்டைக்கோஸ்ல ஏறி, ஒவ்வொரு படமாத் தின்னு, ஓட்டை பெருசாயிட்டே போகுது பாருங்க. கடைசிப் படத்தைப் பாக்கலாமா? வேண்டாம். அது ஊருக்குப் போய்த்தான். அந்த ஓவியன் விளையாடியிருக்கான். பிரிசோனே மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு மெல்லிசுத் தாள் வழியா பாத்துட்டு எழுதிட்டாரு. நல்லவேளை!"

நல்லவேளைதான். ஏனென்றால் அதே அறையில், முதலையின் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார் கஸ்தேன்.

கஸ்தேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் புத்தகம் அறுக்கிறவர். காலையில் முழுப் புத்தகமாக வாங்குவார். மாலைக்குள் நாற்பது சட்டம் போட்ட படங்களாகிவிடும். பல் டாக்டர் வரவேற்பறை, ஓட்டல் குளியலறை, விவாகரத்து வக்கீல் வீட்டு நடை, எங்கே பார்த்தாலும் அவர் மாட்டிய டியூலிப்தான். தன் காசு, தன் புத்தகம், தன் கத்தி. சட்டப்படி யாரும் கேட்க முடியாது. நல்ல வண்ண அச்சுக் காய்கறி நாற்பது என்றால் இருபதாயிரத்துக்கும் துணிவார். ஆனால் ஓட்டை விழுந்த படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பிரிசோனேயின் தப்புதான் அந்தப் புத்தகத்துக்குக் கவசம்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் ஓதிலின் காதருகே குனிந்து, என் வாழ்நாளிலேயே மிக மிக மெதுவாக, உதடே அசையாமல் சொன்னேன்:

"அப்படின்னா ஓட்டை அத்தனையும் அச்சா!"

முதலைக்கு வாய் இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அடுத்த அறையில் பீங்கான் ஒன்று கிணுங்கியது. கஸ்தேன் பல் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்புறம் புத்தகத்தைப் பார்த்தார்.

"பிஷோனா! உடம்பு எப்படி இருக்கு? தொண்டை நல்லா இருக்குன்னு தெரியுது" என்றார்.

ஓதில் புத்தகத்தை மூடிய விதத்தில் என்னையும் உள்ளே வைத்து மூடியிருப்பாள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை விரிவாக எழுதினால் அச்சகத்தார் மறுத்துவிடுவார்கள்.

"உங்களை நம்பிக் கூட்டிட்டுப் போனேன் பாருங்க அத்தான், என் புத்தி!"

"நான் மெதுவாத்தானே..."

"மெதுவாவா? லியோன் ரயில் நிலையத்துல ஒருத்தன் திரும்பிப் பாத்திருப்பான்!" என்றாள் சிமோன். நாற்பத்திரண்டு வருடத்தில் அக்காளும் தங்கையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். முடிவில் நான் ஏலத்துக்கு வரவே கூடாது என்று சிமோனும், வந்தே ஆக வேண்டும் என்று ஓதிலும் சொன்னார்கள். ஏலம் எப்போது வேகமெடுக்கும், எப்போது கை தூக்கலாம் என்று சொல்ல ஓதிலுக்கு ஆள் வேண்டும். சமாதானமாக சிமோன் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். மோந்தேலிமாரிலிருந்து வந்த நூகா மிட்டாய், தேனும் பாதாமும் போட்டது, மூன்று கிறிஸ்மஸ் கண்டது. கடித்தால் தாடை இரண்டும் கல்யாணம் கட்டிக்கொள்ளும்.

"உள்ள நுழையும்போது ஒண்ணு வாயில போடு" என்றாள் என்னிடம். "கேக்கறதுக்குத் தலையாட்டு, போதும்."

வியாழக்கிழமை இரண்டு மணி. மூன்றாம் வரிசையில் நானும் ஓதிலும். வாயில் நூகா. கஸ்தேன் கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து. மேடையில் ஏலம் நடத்துகிற மேத்ர் கெவ்ரோ சுத்தியலோடு. பக்கத்து மேசையில் த பிரிசோனே, கண்ணாடி இல்லாமல், முத்து வைத்த டை ஊசியோடு, பளபளவென்று. நூற்றுப்பதினேழாவது பொருளாகப் புத்தகம் வந்தது. சிவப்புக் காலர் போட்ட சுமைக்காரர் அதை இரண்டு கையிலும் ஏந்திக் கூடத்துக்குக் காட்டினார்.

"எண்ணூறிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார் மேத்ர் கெவ்ரோ.

நான் தலையாட்ட, ஓதில் கை தூக்கினாள். யாரோ ஒரு சூப்புக்கடைக்காரர் தொள்ளாயிரம் என்றார். ஓதில் ஆயிரம். மேலே கேட்க ஆளில்லை. சுத்தியல் மேலே போனது. என் நெஞ்சும் கூடவே போனது.

"ஒரு நிமிஷம் மேத்ர்" என்றது பின்னாலிருந்து குரல். கஸ்தேன் எழுந்து நின்றார். "ஒரு சந்தேகம். பட்டியல்ல புழு ஓட்டைன்னு போட்டிருக்கு. அதெல்லாம் ஓட்டையே இல்லை, அச்சுன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துது. நான் பாக்கறதுக்குள்ள பார்வை நேரம் முடிஞ்சு பூட்டிட்டாங்க. நிபுணர் கொஞ்சம் விளக்கினா நல்லா இருக்கும்."

கூடமே பிரிசோனே பக்கம் திரும்பியது. அவர் எழுந்தார். முப்பத்தேழு வருடமும் அவரோடு எழுந்தது.

"பேச்சா? யார் பேசினது?"

"யார் பேசினா என்ன முசியே? பாரிஸ்ல பாதி பேருக்குக் கேட்டிருக்கும்" என்றார் கஸ்தேன், என் முதுகைப் பார்த்தபடி.

"முசியே கஸ்தேன், நீங்க கத்தியால பிழைக்கிறவர். நான் கண்ணால பிழைக்கிறவன். நீங்க பால் குடிச்ச காலத்திலேயே நான் புழுவைப் பாத்துட்டேன். அது புழு."

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். புழுவா இருந்தா நான் உக்காந்துடறேன். பல் டாக்டர்கிட்டப் போய் ஓட்டையை விக்க முடியாது. அவரே தினமும் அதைத்தான் அடைச்சிட்டிருக்காரு. அச்சா இருந்தா சொல்லுங்க, இப்பவே பத்தாயிரம் சொல்றேன்."

கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. ஓதிலின் கை என் முழங்காலில் இருந்தது. இல்லை, என் முழங்காலுக்குள் இருந்தது. பிரிசோனே புத்தகத்தைத் திருப்பி ஒரே ஒரு முறை நன்றாகப் பார்த்தால் போதும். ஒரே ஒரு முறை தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால் போதும். ஓதில் ஊருக்கு வெறும் பிளாஸ்க்கோடு போக வேண்டியதுதான்.

அவர் பார்க்கவில்லை. பார்ப்பது சந்தேகப்படுகிறவன் வேலையாயிற்றே! "கொண்டா அதை" என்று சுமைக்காரரிடமிருந்து புத்தகத்தை வாங்கி மேசைமேல் விரித்தார். ஐந்தாவது படம், காலிஃபிளவர். "அச்சாம்! நிரூபிக்கிறேன் பாருங்க" என்று சொல்லி, டையிலிருந்து முத்து ஊசியை உருவினார்.

நான் அப்போது கத்த வேண்டும் என்று நினைத்தது உண்மை. இருநூறு வருடம் புழுவுக்கும் எலிக்கும் ஈரத்துக்கும் இரண்டு யுத்தத்துக்கும் தப்பி வந்த தாள். "அது அச்சு, குத்தாதே" என்ற மூன்று வார்த்தை என் தொண்டையில் வந்து நின்றது. வாய் திறக்கவில்லை. நூகா தன் கடமையைச் செய்தது. என் மூக்கு வழியாக ஒரு கப்பல் கிளம்பும் சத்தம் மட்டும் வந்தது.

ஓதிலைப் பார்த்தேன். எச்சில் தொட்டவர்களைக் கண்ணாலேயே உலர்த்துகிறவள், தாளின் மூலையை மடித்ததற்காகத் தன் சொந்தத் தகப்பனாரின் நூலக உறுப்பினர் அட்டையை ரத்து செய்தவள், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் காகிதம்போல் வெளுத்திருந்தது. கண்ணை மட்டும் மூடவில்லை. என் முழங்காலை இன்னும் ஒரு அங்குலம் அமுக்கினாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது: விடுங்க. குத்தட்டும்.

பிரிசோனே ஊசியை இலையின் ஓட்டைமேல் வைத்தார். அது உள்ளே போகவில்லை. பின்னே எப்படிப் போகும்? அங்கே நல்ல கெட்டித் தாள். அவர் புருவம் சுருங்கியது. ஒரு கணம், ஒரே கணம், அவருக்கே புரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். முப்பத்தேழு வருடமும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அமுக்கினார்.

'டப்' என்று சின்னச் சத்தம். ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. தாளைத் தூக்கி மேசைவிளக்குக்கு நேரே பிடித்தார். காலிஃபிளவர் இலை நடுவே வெளிச்சம் ஒரு கடுகளவு தெரிந்தது.

"இதோ! இது அச்சா? அச்சு வழியா வெளிச்சம் வருமா முசியே கஸ்தேன்? மிச்ச இருபத்திரண்டையும் காட்டட்டுமா?" என்று ஊசியை மறுபடி ஓங்கினார்.

"ஆயிரத்து நூறு!" என்று கத்தினாள் ஓதில்.

தன் விலைமேல் தானே ஏற்றிச் சொல்கிற ஆளை நான் இருபத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. அதிலும் அந்தக் குரல்! நூலகக்காரி நெஞ்சில் முப்பத்தோரு வருடமாகச் சேர்த்துவைத்த சத்தம் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நான் ஏதோ குரல் உள்ளவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரவிளக்கு ஆடியதை மேத்ர் கெவ்ரோவே ஒப்புக்கொள்வார்.

"மதாம், ஆயிரமும் உங்களுதுதான்" என்றார் அவர்.

"பரவால்ல! நூறு கூட வச்சுக்குங்க! அவர் குத்தறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க!"

கூடம் சிரித்தது. கஸ்தேன் கையை விரித்துவிட்டு உட்கார்ந்தார். "ஓட்டை எனக்கு வேண்டாம்பா. முதலை எப்ப வருது?" என்றார். சூப்புக்கடைக்காரர் தலையை ஆட்டினார். சுத்தியல் விழுந்தது.

வெளியே நடையில் பிரிசோனே எங்களைத் தேடி வந்தார். டை ஊசி மறுபடி இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஓதிலின் கையைப் பிடித்துக் கனிவாகச் சொன்னார்: "மதாம், அடிபட்ட பிரதியை எடுத்துட்டீங்க. வருத்தப்படாதீங்க. காகிதக்கூழ் வச்சு அடைச்சா தெரியாது. இந்தப் பக்கத்துப் புழு ரொம்ப மோசம்."

"ஆமாங்க" என்றாள் ஓதில். "நேர்லயே பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "இந்த அலமாரியை இன்னும் விக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். பதில் சொல்லலாம் என்றால் நூகா இன்னும் கரையவில்லை. அது கரைய ஞாயிற்றுக்கிழமை ஆனது. சிமோன் அந்த மூன்று நாளைத் தேனிலவைவிட நன்றாக இருந்ததாக ஊருக்கெல்லாம் சொல்கிறாள்.

புவாஸ்ரோவில் நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. சூப்பு வாசனையும் வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் முன்னால். அவர்களுக்குப் பின்னால், ஐம்பது வருடத்துக்கு முன் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போன பிள்ளைகள், இப்போது தொந்தியும் மூட்டுவலியுமாக. ஓதில் முட்டையைக் காட்டினாள். இரண்டாம் பாகத்தைத் திறந்தாள். மூன்று ஓட்டை, நான்கு ஓட்டை, பெரிய ஓட்டை. எட்டாம் படத்தில், நூல்கோல் இலையின் காம்பில், உப்பிய பச்சைப் புழு முதல்முறையாகத் தன் முகத்தைக் காட்டியது. அப்புறம் பக்கம் பக்கமாக வெறும் காய்கள். ஒரு டர்னிப்பின் பின்னால் மட்டும் யாரும் கவனிக்காத ஒரு கூட்டுப்புழு. கடைசிப் படம், பூத்த முள்ளங்கி. அவளும் அதை அப்போதுதான் பார்த்தாள். ஏலத்துக்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே வைத்திருந்தாள் என்றால் நீங்கள் நம்ப வேண்டும். நான் சொல்வதிலேயே நிஜமானது அது ஒன்றுதான்.

பூவின்மேல் வெள்ளைப் பட்டாம்பூச்சி. சிறகுக்கு மையே தடவவில்லை. தாளின் வெண்மையையே சிறகாக விட்டுவிட்டு, ஓரத்தில் மட்டும் சாம்பல் புள்ளிகள். முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை கையை நீட்டியது. ஓதில் தடுக்கவில்லை. பறந்துவிடும் என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அப்புறம் ஐந்தாம் படத்துக்குத் திரும்பினோம். காலிஃபிளவர் இலையில் ஊசி போன இடம். பழுதுபார்க்கிறவர் ஆஞ்சேயிலிருந்து வந்திருந்தார். அரை மணி வேலை, தெரியாமல் அடைத்துவிடுகிறேன் என்றார்.

"தொடக்கூடாது" என்றாள் ஓதில். "அது இல்லேன்னா இந்தப் புத்தகம் இன்னிக்கு நாப்பது கக்கூஸ்ல தொங்கிட்டிருக்கும்."

அந்தப் புத்தகத்துக்கான நூலகப் பதிவு அட்டையை நானே என் கண்ணால் பார்த்தேன். ஓதிலின் சின்ன, நேரான கையெழுத்தில், நிலை என்ற கட்டத்தில் இப்படி இருக்கிறது:

"துளைகள் இருபத்துமூன்று. இருபத்திரண்டு அச்சு. ஒன்று அசல். புழு: பாரிஸ் இனம், டை கட்டும்."

இதை அங்கேயே ஓதிலின் காதில் மெதுவாகப் படித்துக் காட்டிப் பாராட்டினேன். கூடியிருந்த நானூறு பேரும் கைதட்டினார்கள்.